முதலில் அசல் எஞ்சினைக் கேளுங்கள்

அன்புள்ள மாதிரி ரயில் நண்பர்களுக்கு,

மேசைமேல் மேல்கூடு கழற்றிய ஒரு எச்.ஓ. டீசல் எஞ்சின். பக்கத்தில் இன்னும் பிரிக்காத சின்னப் பெட்டியில், எஞ்சினை ஓட்டி அதற்குக் குரலும் கொடுக்கும் ஒலி டீகோடர். சால்டரிங் அயர்ன் சூடேறிக்கொண்டிருக்கிறது. இப்படி உட்கார்ந்திருக்கும் உங்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தொடங்குவதற்கு முன் ஒன்று கேட்கலாமா? நீங்கள் குரல் கொடுக்கப்போகும் அந்த எஞ்சினின் அசலைக் கடைசியாக எப்போது பக்கத்தில் நின்று கேட்டீர்கள்?

காரணத்தோடுதான் கேட்கிறேன். நண்பர்கள் வீட்டு மாடியறைகளிலும் கண்காட்சிகளிலும் நான் பார்த்த ஒலி எஞ்சின்கள் பலவற்றில் வயர் வேலையைக் குறை சொல்லவே முடியாது. சால்டர் பளபளக்கும். திசை மாறினால் விளக்கு மாறும். ஒலி மட்டும் ஆலையிலிருந்து வந்த அளவிலேயே முழங்கும். உள்ளங்கையில் அடங்கும் பொருள் கூடம் முழுக்கக் கத்தும். நிறையப் பணம் போட்டு, கண் வலிக்க உழைத்துப் பொருத்திய குரல் இரண்டே வாரத்தில் அலுத்துப்போய், கடைசியில் ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது. பொருத்துவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. திருத்துவதற்குப் பல மாலைகள் வேண்டும். அந்த மாலைகளைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வருகிறேன்.

ஒலியின் அளவிலிருந்து தொடங்குகிறேன். எச்.ஓ. என்பது அசலில் 87இல் ஒரு பங்கு. மாதிரியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்ப்பது, அசல் எஞ்சினிலிருந்து 87 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். கண் அந்தத் தொலைவை ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதனால்தான் பொம்மை என்று தெரிந்தும் ரயிலாகப் பார்க்கிறோம். காதையும் அதே இடத்தில் நிறுத்த வேண்டும். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரிலிருந்து 87 மீட்டருக்குப் போனால் ஏறத்தாழ 39 டெசிபல் இறங்கிவிடும். எஞ்சினை ஒட்டி நின்றால் 100 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் 87 மீட்டரில் 61. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் ஒலி அது. ஓடுகிற மாதிரிக்குப் பக்கத்தில் நின்று குரலை உயர்த்தாமல் நீங்கள் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ஒலி அதிகம். கருவி எதுவும் தேவையில்லை, இந்த ஒரு சோதனை போதும். என். அளவு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குப் பங்கு 160இல் ஒன்று. அங்கே இன்னும் அடக்கம் வேண்டும்.

ஒலியைக் குறைத்தால் கம்பீரம் போய்விடும் என்று தோன்றும். கம்பீரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் அந்த பயம் போய்விடும்.

நான் திருச்சி பொன்மலைப் பக்கம் வளர்ந்தவன். பொன்மலை டீசல் ஷெட்டில் நிற்கும் எஞ்சின்களின் உறுமல் விடியற்காலையில் வீடுவரை வரும். அந்தக் குரலை நம்மூர்க் குரல் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆனால் அங்கே உறுமிய டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சினின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடியில் இருந்த ஆல்கோ நிறுவனத்தின் வடிவம் அது. முதல் எஞ்சின்கள் 1962இல் இந்தியாவுக்கு வந்தன. 1964இல் வாரணாசி ஆலையில் இங்கேயே கட்டத் தொடங்கினார்கள். ஆல்கோ 1969இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் வாரணாசியில் பிறந்துகொண்டிருந்தன. பெற்ற வீடு மூடிய பிறகு அந்தக் குரல் அதிகம் ஒலித்தது நம் நாட்டில்தான்.

மாதிரி ரயில்காரருக்கு இதில் பெரிய நன்மை இருக்கிறது. டபிள்யூ.டி.எம்.2க்கென்று ஒலிக்கோப்பு கிடைக்கவில்லையே என்று சோர்ந்துபோக வேண்டாம். அதன் வயிற்றில் இருப்பது ஆல்கோ 251 வகை, 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன் டீசல் இயந்திரம். அமெரிக்காவில் ஆர்.எஸ்.டி.15, சி.628 போன்ற ஆல்கோ எஞ்சின்களில் இருந்ததும் அதே 16 சிலிண்டர் 251தான். அவற்றுக்கான ஒலிக்கோப்பு ஒலி டீகோடர் நிறுவனங்களிடம் கிடைக்கும். 12 சிலிண்டர் ஆல்கோவின் கோப்பைத் தவறிப்போய் வாங்கிவிடாதீர்கள். துடிப்பின் நெருக்கமே மாறிவிடும். டபிள்யூ.டி.பி.4 ஓட்டுகிறவர்கள் ஆல்கோ பக்கமே போக வேண்டாம். அதில் இருப்பது இ.எம்.டி. 710 என்ற டூ ஸ்ட்ரோக் இயந்திரம். அதன் குரல் இழுத்துப் பிடித்த ஒரே இரைச்சலாக வரும், ஆல்கோபோலத் துடிக்காது.

அந்தத் துடிப்பைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். சும்மா நிற்கும்போது ஆல்கோ நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றும். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். 16 சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்குச் சுமார் 53 வெடிப்பு. டிரைவரின் கைப்பிடியில் கடைசிப் படியான எட்டாவது நாட்சில் 1000 சுற்று, அப்போது நொடிக்கு 133. நெஞ்சுக்கூட்டில் அதிர்வாக நாம் உணர்வது இந்த அடிச்சுருதியைத்தான். இப்போது உங்கள் கையிலிருக்கும் ஸ்பீக்கரைப் பாருங்கள். 11க்கு 15 மில்லிமீட்டர். வெளிநாட்டில் சர்க்கரைக்கட்டி என்று செல்லமாகச் சொல்கிறார்கள். 53 ஹெர்ட்ஸை இதனால் எழுப்ப முடியாது, 133ஐயும் முடியாது. அது எழுப்புவது அவற்றின் மேல்சுருதிகளை மட்டுமே. ஆனாலும் நமக்குக் கனத்த குரலாகக் கேட்கிறது. மேல்சுருதிகள் ஒழுங்காக வந்தால், இல்லாத அடிச்சுருதியை மூளையே நிரப்பிக்கொள்ளும். செல்பேசியில் கனத்த குரல்காரர் பேசினாலும் அவர் குரல் நமக்கு அடையாளம் தெரிவது இப்படித்தான்.

மேல்சுருதிகள் ஒழுங்காக வந்தால் என்று சொன்னேன். முழு ஒலியில் அந்தச் சின்னத் தகடு திணறும். திணறினால் சுருதிகள் கலங்கி, துடிப்பு போய் வெறும் கரகரப்பு மிஞ்சும். பாதிக்கும் கீழே இறக்கிப் பாருங்கள், ஆல்கோ திரும்பி வரும். ஒலியைக் குறைத்தால் எஞ்சின் பெரிதாகத் தெரியும் என்று நான் சொல்லும்போது நம்பாத நண்பர்கள் கேட்ட பிறகு நம்பியிருக்கிறார்கள்.

ஸ்பீக்கரைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். டீகோடருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம், ஸ்பீக்கரை மிஞ்சிய இடத்தில் செருகுகிறோம். வாங்கும்போதே வரிசையை மாற்றுங்கள். ஸ்பீக்கருக்கு இடம் பார்த்த பிறகு டீகோடருக்கு இடம் பாருங்கள். ஸ்பீக்கர் தகடு முன்னே தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கும். முன்னே எழும் அலையும் பின்னே எழும் அலையும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அதிலும் தாழ்ந்த சுருதிகள் முதலில் அழியும். அதனால்தான் பின்பக்கத்தைக் காற்றுப் புகாத சிறு பெட்டியில் அடைக்க வேண்டும். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்பீக்கரை வெறுமனே விரலில் பிடித்து எஞ்சின் ஒலியை ஓடவிடுங்கள், கொசு ரீங்காரம்போல இருக்கும். அப்படியே அதன் பெட்டியில் பொருத்தி விளிம்பை அழுத்துங்கள். கை நடுங்கும் அளவுக்கு வேறுபாடு தெரியும். விளிம்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஒலி ஒழுகும். பசை வைத்து மூடுங்கள். தகட்டின் மேல் மட்டும் பசை படக்கூடாது.

பெட்டியின் அளவு கூடக்கூடக் குரல் கனக்கும். டீசல் எஞ்சினில் டீசல் தொட்டி நல்ல இடம், கூரையின் உட்புறமும் நல்லது. நீராவி எஞ்சினில் டெண்டர் எளிது. ஆனால் புகைப்போக்கியிலிருந்து வரவேண்டிய ஒலி டெண்டரிலிருந்து வருவதை எச்.ஓ. அளவில் கவனித்துக் கேட்டால் கண்டுபிடிக்கலாம். இடமிருந்தால் பாய்லருக்குள் வையுங்கள். இடத்துக்காக எடைக்கட்டியை வெட்டி எடுத்தால் எஞ்சினின் இழுவை குறையும், அந்தக் கணக்கும் மனத்தில் இருக்கட்டும். சென்னை நண்பர்கள் ரிச்சி தெருவுக்குப் போனால் செல்பேசி உதிரிபாகக் கடைகளில் நல்ல ஸ்பீக்கர்கள் கிடைக்கும். சர்க்கரைக்கட்டி ஸ்பீக்கர் செல்பேசியின் தங்கைதான். ஐபோனின் ஸ்பீக்கரைக் கழற்றி எஞ்சினில் வைப்பது வெளிநாட்டிலும் பலர் செய்தது. வாங்குவதற்கு முன் ஓம் அளவைக் கேளுங்கள். இன்றைய டீகோடர்கள் பெரும்பாலும் 4 அல்லது 8 ஓம் கேட்கும். இ.எஸ்.யு. நிறுவனத்தின் பழைய லோக்சவுண்ட் 3.5 டீகோடர் கைமாறி உங்களிடம் வந்திருந்தால் அதற்கு 100 ஓம் ஸ்பீக்கர். அதில் 8 ஓம் போட்டால் டீகோடரின் ஒலிப்பகுதி கருகிவிடும்.

இனி வயர். இங்கே நிறம் ஒரு மொழி. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் எல்லா விளக்குக்கும் பொதுவான நேர்முனை. ஜெர்மனியில் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. 1990களின் நடுவில் டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையைத் தரப்படுத்தியது. அந்தத் தரத்தின் புண்ணியத்தால் வியன்னாவின் சிமோ டீகோடரை எடுத்தாலும், ஜெர்மனி நோய்-உல்மின் இ.எஸ்.யு. டீகோடரை எடுத்தாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். ஸ்பீக்கர் வயருக்கு மட்டும் இந்த நம்பிக்கை வேண்டாம். இ.எஸ்.யு.வில் பழுப்பு, சவுண்ட்ட்ராக்ஸில் ஊதா. கையேட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சினிலேயே 8 பின் அல்லது 21 பின் சாக்கெட் இருந்தால் சால்டருக்கு வேலை குறைவு.

சாக்கெட் இல்லாத பழைய எஞ்சின்தான் ஆளைச் சோதிக்கும். அதில் மோட்டாரின் ஒரு பிரஷ் அடிச்சட்டத்தோடு இணைந்திருக்கும், அடிச்சட்டம் ஒரு பக்கத் தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். டீகோடர் இல்லாத பழைய டி.சி. ஓட்டத்துக்கு அது பொருந்தும். டீகோடர் வைத்தால் தண்டவாள மின்சாரம் நேராக மோட்டார் முனைக்குள் புகுந்து டீகோடரைக் கொன்றுவிடும். இரண்டு பிரஷ்களும் இரண்டு தண்டவாளத்திலிருந்தும் முழுமையாக விலகியிருக்க வேண்டும். நான் இதில் ஒரு டீகோடரை இழந்திருக்கிறேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லாம் விலகியிருந்தது. பிறகு எடைக்கட்டியை வைத்துத் திருகை இறுக்கினேன். இறுக்கியபோது பிரஷ் தகடு ஒரு மயிரிழை நகர்ந்து உலோகத்தைத் தொட்டுவிட்டது. இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பார்க்கவில்லை. தண்டவாளத்தில் வைத்த நொடியில் ஒரு சின்ன மணம் வந்தது. அந்த மணத்தை மறக்க முடியாது. கடைசித் திருகை இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். இந்த மடலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வேலை தொடங்குமுன் எஞ்சினை டி.சி.யில் ஓட்டிப் பாருங்கள். டி.சி.யில் திக்கித்திக்கி ஓடும் எஞ்சின் டீகோடர் வைத்தால் திருந்தாது. மோட்டாரை விரலால் பிடித்து நிறுத்தி 12 வோல்ட் கொடுத்து, ஒரு நொடிக்குள் ஆம்பியரைப் படித்துக்கொள்ளுங்கள். டீகோடர் தாங்கும் அளவைவிட அது கூடுதல் என்றால் மோட்டாரை மாற்றிவிட்டு வாருங்கள். டீகோடரை இன்சுலேஷன் டேப்பில் மூட்டைகட்டாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் போகும், நம் ஊர் வெயிலில் பசையும் உருகி வழியும். தொடக்கூடாத இடத்தில் காப்டன் டேப், இணைப்பில் ஹீட் ஷ்ரிங்க் குழாய். இவை போதும்.

முதல் மின்சாரத்தை முதன்மைத் தண்டவாளத்தில் கொடுக்கவே கூடாது. புரோகிராமிங் தண்டவாளம் என்று தனியாக இருப்பது இதற்காகத்தான். அங்கே மின்சாரம் கட்டுப்பட்டது, தவறு இருந்தாலும் டீகோடர் பெரும்பாலும் பிழைத்துவிடும். டீகோடர் தன் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடங்களைத்தான் சி.வி. என்கிறோம்; அங்கே வைத்து சி.வி.8ஐப் படியுங்கள். தயாரிப்பாளரின் எண் வந்தால் பாதி நிம்மதி. டீகோடருக்குப் பேச வாய் கிடையாது. கேட்ட கேள்விக்கு ஆம் என்று சொல்ல 6 மில்லி நொடிக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைக் கூடுதலாக இழுத்துக் காட்டும். பெரும்பாலும் மோட்டாரைத்தான் அதற்குப் பயன்படுத்தும். எஞ்சின் லேசாகத் துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். எனவே படிக்க முடியவில்லை என்று கன்ட்ரோலர் சொன்னால் டீகோடரைப் பழிக்கும் முன் மோட்டார் வயரைப் பாருங்கள். மின்சாரம் விட்டுவிட்டு வரும்போது ஒலி அறுபடாமல் இருக்க நாம் சேர்க்கும் கெப்பாசிட்டரும் சில நேரம் இந்தப் படிப்பைக் குழப்பும். அதை வேலை முடிந்த பிறகு கடைசியாக இணையுங்கள். இன்னொன்று, கெப்பாசிட்டர் இருக்கிறதே என்று சக்கரம் துடைப்பதை நிறுத்திவிட வேண்டாம். அழுக்குச் சக்கரத்தில் ஒலி எஞ்சின் ஒவ்வொரு இரண்டு அடிக்கும் ஒருமுறை தன்னை மறுபடி ஸ்டார்ட் செய்துகொள்ளும், கேட்கச் சகிக்காது.

படிக்க முடிந்துவிட்டதா? இனி உங்கள் மாலைகள் தொடங்குகின்றன. எதையும் மாற்றுவதற்கு முன், ஆலை வைத்த எல்லா சி.வி.களையும் படித்துச் சேமித்துவிடுங்கள். ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். இன்றைய டீகோடர்கள் பலவற்றில் சி.வி.8இல் 8 என்று எழுதினால் ஆலை அளவு திரும்பி வந்துவிடும், கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். திரும்பிப்போக வழி உண்டு என்று தெரிந்தால் கை தைரியமாக இயங்கும்.

முதலில் மொத்த ஒலி. லோக்சவுண்டில் சி.வி.63, சிமோவில் சி.வி.266, சவுண்ட்ட்ராக்ஸ் சுனாமி2இல் சி.வி.128. லோக்சவுண்டில் அது 192 வரை போகும். நான் வீட்டு அறையில் 60ஐத் தாண்டுவதில்லை. மொத்தம் இறங்கிய பிறகு தனித்தனி ஒலிகளுக்கு வாருங்கள். இயந்திர ஒலிக்கும் ஹாரனுக்கும் உள்ள உறவுதான் முக்கியம். ஹாரன் உயர்ந்து நிற்கலாம், ஆனால் இயந்திரத்தை விழுங்கக்கூடாது. கம்ப்ரசர், காற்று வெளியேறும் சீறல் இவையெல்லாம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இருக்கட்டும். அமெரிக்கக் கோப்பில் வரும் மணியை நம் எஞ்சினில் அடியோடு அணைத்துவிடுங்கள். ஒரு மாலையில் ஒன்றிரண்டு சி.வி.க்கு மேல் தொடாதீர்கள். காது களைத்துவிடும், களைத்த காது எப்போதும் கூடுதல் ஒலியே கேட்கும். வயதாகும்போது உயர்ந்த சுருதிகள் நமக்குக் கேட்பது குறையும். ஆகவே உங்கள் தீர்ப்புக்கு மேல் வீட்டிலிருக்கும் ஒரு சிறுபிள்ளையின் தீர்ப்பையும் கேளுங்கள். காது குத்துகிறது என்று அந்தப் பிள்ளை சொன்னால் பிள்ளை சொல்வதுதான் சரி.

நீராவி எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் இயக்கச் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது நான்கு முறை நீராவி புகைப்போக்கி வழியே பாயும். மூன்று சிலிண்டர் என்றால் ஆறு. பிரிட்டனில் கிரெஸ்லி வடிவமைத்த ஏ4 மாதிரியை வாங்கி நான்கு துடிப்பில் ஓட்டுவதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறாது. நம் டபிள்யூ.பி. எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர், சக்கரத்தின் விட்டம் 1.7 மீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டரில் நொடிக்கு இரண்டு துடிப்பு வரும். 60 கிலோமீட்டரில் பன்னிரண்டைத் தாண்டும், அப்போது துடிப்பு தனியாகக் கேட்காமல் இழையும். ஆகவே மெதுவான ஓட்டத்தில்தான் உங்கள் திருத்தம் தெரியும். சக்கரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டி, செல்பேசியில் படமெடுத்து எண்ணுங்கள். லோக்சவுண்டில் சி.வி.57, 58 இரண்டும் இதற்குத்தான். சிமோவில் சி.வி.267. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினை மாதிரியாகச் செய்யும் நண்பர்கள் மட்டும் இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். நான்கு சிலிண்டர் காம்பவுண்ட் அது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சட்டப் பாதையில், உயர் அழுத்தச் சிலிண்டர்களில் வேலை செய்த நீராவியே தாழ் அழுத்தச் சிலிண்டர்களுக்குப் போய்ப் பற்சக்கரத்தைத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வரும். சமதளத்தில் ஒரு குரல், மலையில் ஒரு குரல். தயார்க் கோப்பு எதுவும் அதற்கு ஈடாகாது.

ஒலியும் ஓட்டமும் சேர்ந்து போகாவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண். அசல் டீசல் எஞ்சினில் டிரைவர் நாட்சை ஏற்றியதும் முதலில் இயந்திரம்தான் எழும். கரும்புகை வரும், ஒரு கணம் கழித்து டர்போவின் கீச்சொலி மேலேறும். அப்புறம்தான் ரயில் அசையும். மாதிரியில் கைப்பிடியைத் திருகிய நொடியில் எஞ்சின் பாய்ந்தால் கண்ணும் காதும் வெவ்வேறு கதை சொல்லும். சி.வி.3இல் வேகமெடுக்கும் நேரத்தையும் சி.வி.4இல் வேகமிழக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். சி.வி.2இல் புறப்படும் வேகத்தை, எஞ்சின் ஊர்ந்து கிளம்பும்படி இறக்குங்கள். லோக்சவுண்டில் சி.வி.54ஐ 0 என்று வைத்து எஃப்1 பொத்தானை அழுத்தினால் எஞ்சின் சட்டென்று முழு வேகத்தில் ஓடி, மோட்டாரின் தன்மையைத் தானே அளந்துகொள்ளும். எதிரே போதிய நீளம் விட்டு வையுங்கள், மேசையின் ஓரத்தில் செய்யாதீர்கள்.

கண்காட்சி நடத்துகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சைடிங்கில் நிற்கும் எஞ்சின்களை ஒலி நிறுத்தி வையுங்கள். ஐந்து எஞ்சின் ஒரே அறையில் உறுமினால் எதன் குரலும் யாருக்கும் கேட்காது. ஓடுகிற ஒன்று மட்டும் பேசட்டும்.

இந்த வசதி வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். 1970களில் அமெரிக்காவில் பி.எஃப்.எம். நிறுவனம் ஒரு ஒலிமுறை விற்றது. ஒலி பிறப்பது தண்டவாளத்துக்கு வெளியே இருந்த ஒரு பெட்டியில். தண்டவாளம் வழியாக அது எஞ்சினிலிருந்த ஸ்பீக்கருக்குப் போகும். அன்றைக்கு அது பெரிய அதிசயம். இன்று விரல்நகம் அளவுத் தகட்டில் அசலில் பதிவு செய்த குரல்கள் அடங்கியிருக்கின்றன. சவுண்ட்ட்ராக்ஸ் நிறுவனம் இருப்பது கொலராடோவின் டுராங்கோ நகரத்தில். 1882இல் சில்வர்டனை எட்டிய குறுகிய பாதையில் அங்கே இன்றும் நீராவி எஞ்சின் ஓடுகிறது. ஒலி டீகோடர் செய்கிறவர்களுக்கு அசலின் குரல் ஊருக்குள்ளேயே கேட்கிறது. அந்த வாய்ப்பு நமக்கும் இருக்கிறது. ஆனால் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது. அகலப்பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. வாரணாசி ஆலை பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்ற பெயரில் இப்போது மின்சார எஞ்சின்கள் கட்டுகிறது. ஆல்கோக்கள் ஒவ்வொன்றாக உடைப்புக்குப் போகின்றன.

அமெரிக்கக் கோப்பில் டீசல் இயந்திரம் நமக்குப் பொருந்தும் என்றேன். ஹாரன் பொருந்தாது. அவர்களுடையது பெரும்பாலும் பல குரல் சேர்ந்து பாடும் ஹாரன். லெவல் கிராசிங்குக்கு அவர்கள் நீளம், நீளம், குறில், நீளம் என்று அடிப்பார்கள். நம் டிரைவர் மஞ்சள் பலகையைப் பார்த்ததும் ஒரே இழுவையாக இழுப்பார். அந்த இழுவையை யாராவது பதிவு செய்து வைத்தால்தான் நாளைக்கு நம் டீகோடரில் ஏற்ற முடியும். இ.எஸ்.யு.வின் லோக்புரோகிராமர் நம் சொந்த ஒலிக்கோப்பை ஏற்றிக்கொள்ளும், கருவி தயாராக இருக்கிறது. பதிவு செய்ய ஸ்டூடியோ வேண்டாம். கையடக்க ரெகார்டர், காற்றுச் சத்தம் புகாத பஞ்சு மூடி. செல்பேசிதான் உண்டு என்றால் இரைச்சல் குறைக்கும் வசதியையும் தானாக ஒலி கூட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். எஞ்சின் சும்மா நிற்கும்போது இரண்டு நிமிடம், கிளம்பும்போது நாட்ச் ஏறுவது முழுவதும், கம்ப்ரசர் ஓடி நிற்பது, ஹாரன். நடைமேடையிலிருந்தே இவ்வளவும் கிடைக்கும். தண்டவாளத்தில் இறங்காதீர்கள், ஷெட்டுக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள். பதிவின் தொடக்கத்தில் எஞ்சின் எண், ஊர், தேதி மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊர் வழியாக இன்னும் ஒரு ஆல்கோ வருகிறது என்றால், இந்த வாரமே போய் நின்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். டீகோடர் பெட்டியை வந்து பிரித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பொன்மலையில் வளர்ந்த உங்கள் மாதிரி ரயில் நண்பன்